நிர்வாகம் பொறுப்பல்ல

என் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட 2008-ல் ஒரு கடைக்காரர் 450 ரூபாய் வாங்கினார். அந்தக் கோபத்தில் ஆரம்பித்த தொழில் இது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், சுவரில் மாட்டிய அந்தப் படத்தைப் பார்த்தபடியே கணக்குப் போட்டேன். படம் 12-க்கு 18 அங்குலம். சுற்றளவு 60 அங்குலம், அதாவது ஐந்தடி. பிரேம் குச்சி பத்தடி நீளத்தில் வருகிறது. அப்படியானால் ஒரு குச்சியில் இரண்டு படம். குச்சி 150 ரூபாய், அதில் பாதி 75. கண்ணாடி 50, பின்னால் வைக்கும் ஹார்டுபோர்டு 20, ஆணிக்கும் கம்பிக்கும் அஞ்சு. ஆக அடக்கம் 150. மீதி முந்நூறும் லாபம்! பக்கத்தில் படுத்திருந்தவளை எழுப்பிச் சொன்னேன். "காலைல சொல்லக் கூடாதா?" என்றாள். காலையிலும் சொன்னேன்.

அப்போது நான் மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர் கூப்பிடும்வரை நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்து, இருமிக்கொண்டே வீடு வருகிற உத்தியோகம். மறு வருஷம் அதை விட்டுவிட்டு, மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கடை பிடித்தேன். எட்டுக்குப் பத்து. அடிதான்; ஆனால் அங்குலத்தில் சொன்னால் அதுவும் ஒரு போட்டோ சைஸ் என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன். மருமகன் சட்டம் போடுகிற வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்ட என் மனைவியின் பெரியம்மா ஒருத்தி, நான் எம்.எல்.ஏ. ஆகிவிட்டேன் என்று நினைத்து, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க ஆள் அனுப்பினாள்.

கணக்கு முதல் வாரமே உடைந்தது. தொழில் சொல்லிக் கொடுக்க ஒரு பெரியவரைக் கடையில் வைத்திருந்தேன். நாற்பது வருஷம் இன்னொரு கடையில் சட்டம் அறுத்தவர். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, மூலை எங்க?"

"மூலையாங்கய்யா?"

"நாலு மூலையும் சாய்ச்சு அறுக்கணும்ல? ஒவ்வொரு முனைக்கும் சட்டத்தோட அகலம் அளவு கூடுதலாப் போகும். மொத்தம் எட்டு முனை."

ஒரு அங்குல அகலச் சட்டமென்றால் எட்டு அங்குலம் கூடுதல். என் படத்துக்குத் தேவை 60 இல்லை, 68. குச்சியின் 120 அங்குலத்தில் 68 போனால் மீதி 52. இன்னொரு 12-க்கு 18 போட 16 அங்குலம் குறைகிறது. நான் விடவில்லை. "அந்த 52-ல 10-க்கு 12 ஒண்ணு போடலாமேங்கய்யா? சுத்தளவு 44, மூலைக்கு எட்டு, கரெக்டா 52!" என்றேன்.

"ரம்பம் சும்மா அறுக்குமா? அதுக்கும் பசிக்கும்ல" என்றார்.

ரம்பம் ஒரு அறுப்புக்கு மூன்று மில்லிமீட்டர் தின்கிறது. எட்டு அறுப்புக்கு ஒரு அங்குலம். மருந்து விற்ற காலத்தில் எத்தனையோ சதவீதக் கணக்குச் சொல்லியிருக்கிறேன், என்னை ஒரு தூள் தோற்கடித்ததில்லை. அந்த 52 அங்குலத் துண்டுகள் கடைப் பரணில் சேர்ந்து, பரண் நிறைந்து, வீட்டுக்கு வந்தன. கொல்லையில் எங்கள் அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டேன். தங்க முலாம் பூசினாற்போல மின்னும் பந்தல். அவரை மட்டும் வழக்கம்போல் பச்சையாகத்தான் காய்த்தது.

அடுத்தது கண்ணாடி. கண்ணாடி அறுப்பதற்கு ஒரே கோடுதான். கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, கை நடுங்காமல், நடுவில் நிறுத்தாமல் ஓர் இழுப்பு. பட்டுத்துணி கிழிகிற மாதிரி சத்தம் வரவேண்டும். வந்தால், அப்புறம் அடியில் லேசாகத் தட்டினால் போதும், கோட்டோடு விட்டுக்கொள்ளும். வரவில்லையே என்று அதே கோட்டின்மேல் இன்னொரு தடவை இழுத்தால் கட்டரும் போச்சு, கண்ணாடியும் போச்சு. நானோ ரெப்பாக இருந்தவன். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னால்தான் டாக்டருக்கு ஏறும் என்று பயிற்சி பெற்றவன். முதல் மாதம் கடைக்கு வந்த கண்ணாடியில் பாதி, குப்பை வண்டிக்காரரோடு எனக்கிருந்த நல்லுறவைக் கெடுத்ததோடு சரி.

காசு நஷ்டம் ஒரு பக்கம். கிரகப்பிரவேசத்துக்கு லட்சுமி படம் போடக் கொடுத்தவர்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருக்கும்போது உள்ளே கண்ணாடி 'டப்'பென்று உடைந்தால், நான் எந்த முகத்தோடு வெளியே வருவது? இதற்குப் பெரியவரிடம் ஒரு வழி இருந்தது. எது உடைந்தாலும், உடைந்த அந்த விநாடியே, "ஆங், எடுத்தாச்சு!" என்று உரக்கச் சொல்வார். வெளியே நிற்பவர்கள், வேலையில் ஏதோ ஒரு முக்கியமான கட்டம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

சாமி படங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. கோவில்பட்டியில் கொண்டையா ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமிகள் சிவகாசி அச்சகங்களில் ஏறி, காலண்டராக நம் வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டு, மேலே இருக்கிற முருகனை மட்டும் சட்டம் போட எடுத்து வருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஜனவரியில் என் கடை, பதவி போன காலண்டர்களின் மறுவாழ்வு மையம். அதில் ஒரே சிக்கல், முருகன் காலடியில் இருக்கும் வெல்லமண்டி விளம்பரம். அதை வெட்டுவதா, விடுவதா? நான் கேட்காமலே வெட்டிவிடுவேன். ஒரு அம்மாள் அதற்காக என்னைப் பிடித்துக் கொண்டார். "அவரு முப்பது வருஷம் கணக்கு எழுதுன கடைங்க அது. முருகன் எந்தக் கடையிலயும் கிடைப்பாரு." அதற்கப்புறம் கேட்காமல் எதையும் வெட்டுவதில்லை.

வெயில் படுகிற சுவரில் சாமி படம் மாட்டாதீர்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அச்சில் இருக்கிற நாலு மைகளில் மஞ்சளும் சிவப்பும் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஜன்னலுக்கு எதிரில் அஞ்சு வருஷம் இருந்த எந்தச் சாமியும் நீலச் சாமிதான். ஒருவர் தன் வீட்டு முருகனைக் கொண்டு வந்து, "இதுல மயில் எப்படி வந்துச்சு? எங்க வீட்ல இருந்தது கிருஷ்ணர்தானே?" என்று என்னிடமே கேட்டார். கையில் வேலைக் காட்டினேன். புல்லாங்குழலை நேராகப் பிடித்திருக்கிறார் என்று அதுவரை நினைத்திருக்கிறார்கள்.

நடராஜர் விவகாரம் அப்படியல்ல. முழுக்க என் தப்பு. ஒருவர் பென்டிரைவில் கொண்டு வந்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தேன். கம்ப்யூட்டர்ப் பையன் இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிட்டான். நானும் பார்க்காமல் சட்டமடித்துவிட்டேன். வாங்க வந்தவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "ஏங்க, வலது காலை இல்ல தூக்கியிருக்காரு?" ஒரு கணம் திகைத்தேன். பிறகு மதுரைக்காரனின் மூளை வேலை செய்தது. "அண்ணே, நம்ம ஊரு நடராஜர் வலது காலைத்தானே தூக்குவாரு! ராஜசேகர பாண்டியனுக்காக வெள்ளியம்பலத்துல கால் மாறி ஆடுனவர்ல?" அவர் தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். படத்தின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "கால் மாறுனாரு, சரி. 'திருச்சிற்றம்பலம்'னு எழுதியிருக்கறதும் சேர்ந்து திரும்பி ஆடுது பாருங்க."

பழைய போட்டோக்களில்தான் நான் அதிகம் அடிவாங்கியிருக்கிறேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைக்கிற மவுண்ட் அட்டை அழகுக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காசு மிச்சம் பிடிக்க முதலில் அதைத்தான் வேண்டாம் என்பார்கள். அது அழகுக்கு இல்லை, இடைவெளிக்கு. போட்டோத் தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. மழைக்கால ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய ஒன்றை, 1970-களில் ஸ்டுடியோவில் எடுத்த அப்பா அம்மா படத்தை, ஒருவர் புதுச் சட்டத்துக்குக் கொண்டு வந்தார். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து புதுப் பிரிண்ட் போட்டிருக்க வேண்டும். இப்போது தெரிகிறது. அன்று நான் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தேன். அம்மா முழுசாக வந்துவிட்டார். அப்பாவின் இடது காது கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. மூன்று நாள் அவர் போனை எடுக்கவில்லை நான். கடைசியில் நேரில் வந்துவிட்டார். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"விடுங்க. அப்பாவுக்கு அந்தக் காது கேக்காது."

இப்படிப்பட்டவர்கள் நடுவில்தான் ஒரு திருட்டும் செய்தேன். தெரிந்து செய்யவில்லை என்பது மட்டும்தான் சமாதானம். தாத்தா காலத்துக் கறுத்த மரச் சட்டத்தோடு படங்களைக் கொண்டு வந்து, தங்கக் கலர் ஃபைபர் சட்டம் மாற்றிக்கொண்டு, "அந்தப் பழைய கட்டையை நீங்களே வச்சுக்கங்க" என்று போய்விடுவார்கள். ஒரு ஐப்பசி கார்த்திகை முழுக்க அவற்றை எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது, புகையே இல்லை. அந்தத் தையில் ஒரு வேலையாகக் காரைக்குடி போனபோது முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதே மாதிரி கறுத்த சட்டம் ஒன்றில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து வைத்திருந்தார்கள். விலை கேட்டேன். பர்மாத் தேக்கு என்றார்கள். விலை சொன்ன பிறகு அந்தக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அன்றிலிருந்து பழைய சட்டத்தை மாற்ற வருபவர்களிடம் அதன் மதிப்பைச் சொல்லி, வேண்டாம் என்கிறேன். இந்த நேர்மையால் எனக்கு வருஷத்துக்கு முப்பது ஆர்டராவது குறைகிறது. என் மனைவி வெந்நீர் போடும்போதெல்லாம், "இன்னிக்கு எத்தனை ரூபாய்க்குக் குளிக்கிறீங்க?" என்று கேட்பதும் நிற்கவில்லை.

2015 ஜூலை 27 அன்று அப்துல் கலாம் காலமானார். அந்த வாரம் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடமெல்லாம் அவர் படம் கேட்டு வந்தது. ராத்திரி பகலாக அறுத்தோம். யார் பேரிலாவது மனசார வேலை செய்தேன் என்றால் அந்த வாரம்தான். சில பள்ளிக்கூடங்கள் பணம் கொடுத்தன. மற்றவை என்னைக் கனவு காணச் சொல்லிவிட்டன.

கலாமுக்குப் படம் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டு ஆட்கள் சங்கதி வேறு. வீட்டில் ஒருவர் செத்துப்போனால்தான், அவருக்கு ஒரு போட்டோகூட இல்லை என்பது அந்த வீட்டுக்குத் தெரிகிறது. விடியற்காலையில் ஷட்டரைத் தட்டுவார்கள். கையில் ஆதார் அட்டை இருக்கும். ஆதாரில் இருக்கிற முகத்தைப் பெரிதாக்கி மாலை போட்டால், செத்தவரே எழுந்து வந்து கோபித்துக்கொள்வார். அடுத்து, யார் கல்யாணத்திலோ கும்பலாக எடுத்த படம் வரும். அதில் நம் ஆள் வடையைக் கடித்துக்கொண்டிருப்பார். வடையை எடுத்துவிட்டு வாயை மூடவேண்டும், சட்டையை மாற்றவேண்டும், முடிந்தால் கோட் போடவேண்டும். வாழ்நாள் முழுக்கத் துண்டைத் தவிர எதுவும் மேலே போடாத ஒருவருக்கு நாங்கள் டை கட்டி அனுப்பியிருக்கிறோம். அவர் மனைவி அதைப் பார்த்து அழுதபடியே சிரித்ததை மறக்க முடியாது.

ஒரு தடவை இரண்டு அண்ணன்மாரும் ஒரு தங்கச்சியும் வந்தார்கள். அம்மா போய் நாலு நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். அம்மா சிரித்த முகமாக இருக்கிற ஒரே போட்டோ, எப்போதோ ஒரு காதுகுத்தில் எடுத்தது. அதில் அவர் தோளில் ஒரு கை இருந்தது. வெட்டிய படம் என்பதால் கை மட்டும்தான். கைக்குரியவர் ஓரத்துக்கு வெளியே போய்விட்டார். ஆறேழு கண்ணாடி வளையல் போட்ட கை.

"சித்தி கை அது. எடுத்துருங்க" என்றார் மூத்த அண்ணன். அம்மாவுக்கும் ஓரகத்திக்கும் பாகப்பிரிவினையில் வந்த சண்டை. இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"கை இருக்கட்டும்ணே" என்றாள் தங்கச்சி. "அந்தக் கை இருக்கறதாலதான் அம்மா சிரிக்குது."

"சாவுக்கே வராத கை எதுக்குடி சுவத்துல?"

என் எட்டுக்குப் பத்து கடைக்குள் இருபது வருஷச் சண்டை ஒரு மணி நேரம் நடந்தது. நடுவில் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அது பில்லில் சேராது. கடைசியில் மூத்தவர் பேச்சுதான் நின்றது. கம்ப்யூட்டர்ப் பையன் கையை அழித்துவிட்டுச் சேலை வரைந்தான். நன்றாகவே வரைந்தான். ஒரே ஒரு வளையலின் ஓரம், சின்னப் பச்சைக் கீற்று, தோளருகே தப்பிவிட்டது. நான் பார்த்தேன். சேலைக் கரை என்று இருக்கட்டும் என விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கச்சி தனியாக வந்தாள். பதினாறுக்குச் சித்தி வந்தாராம். யாரோடும் பேசாமல் படத்துக்கு நேரே போய் நின்றாராம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வளையல இங்க விட்டுட்டுக் கைய எங்கடா கொண்டு போனீங்க?" என்று கேட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அப்புறம் சமையல்கட்டுக்குள் போனவர் மூன்று நாள் அங்கேதான் இருந்தாராம்.

"கையோட ஒரு காப்பி போட்டுக் குடுங்கண்ணே. மூணு காப்பி. பெரியண்ணனுக்கும் ஒண்ணு வேணுமாம்."

செய்த வேலையைத் திரும்பச் செய்ததற்கு நான் கூலி வாங்கிய ஒரே சமயம் அது.

எங்கள் தொழிலைக் கொன்றது செல்போன் என்று பெரியவர் சொல்வார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செல்போனில் ஆயிரம் படம் எடுப்பவன்கூட வருஷத்துக்கு ஒன்றாவது பிரிண்ட் போட ஆசைப்படுகிறான். எங்களுக்கு உண்மையான எதிரி வீட்டு ஓனர். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியையே கொடுக்கிறார்கள். மீறி அடித்தால், காலி பண்ணும்போது ஆணிக்கு இவ்வளவு என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் ஆசையாகப் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாட்ட முடியாதுங்க" என்று வைத்துவிட்டுப் போவதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

இதனாலோ என்னவோ, ஆர்டர் கொடுத்த படத்தை வாங்க வராதவர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். அவசரம் அவசரம் என்று கொடுப்பார்கள், அம்பது ரூபாய் அட்வான்ஸ் கட்டுவார்கள், அவ்வளவுதான். சாமி படத்தை யாரும் அப்படி விட்டதில்லை. ஆசாமி படம்தான். பார்த்துப் பார்த்து, பில்லின் பின்பக்கம் ஒரு வரி அச்சடித்தேன்: '30 நாட்களுக்குள் எடுத்துச் செல்லாத படங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' வீட்டில் காட்டினேன். "நிர்வாகம் யாருங்க?" என்று கேட்டாள்.

பொறுப்பல்ல என்று போட்டாயிற்றே தவிர, ஒருவருடைய தாத்தாவைக் குப்பையில் போட முடியுமா? சட்டத்தைக் கழற்றி விற்கலாம் என்றால் பெரியவர் தொட விடமாட்டார். பின்சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினோம். கடை ஓனர் நல்லவர். இன்றைய கணக்கு 43. அமாவாசைக்கு அமாவாசை பெரியவர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஊதுபத்தி காட்டுவார். "இவங்களுக்கும் நமக்கும் என்னங்கய்யா உறவு?" என்று ஒருநாள் கேட்டேன். "வாடகை குடுக்கல, அவ்வளவுதானே தம்பி. மத்தபடி நம்ம வீட்டு ஆளுகதான்" என்றார். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பெரிய குடும்பம் போல" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

2023-ல் ஒருநாள் மத்தியானம், அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருவர் வந்து, பர்ஸிலிருந்து ஒரு மஞ்சளடித்த தாளை எடுத்து நீட்டினார். என் கடை ரசீது. 2012-ல் போட்டது. மொத்தம் 320, அட்வான்ஸ் 50, பாக்கி 270.

"இருக்குங்களா?"

மூன்றாவது வரிசையில் இருந்தது. வேட்டி சட்டையில், மடியில் குடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். இறக்கப் போனேன். "இருங்க" என்று கையைப் பிடித்துவிட்டு, அந்த இடத்திலேயே நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தார்.

"நல்லா காத்தோட்டமா இருக்காரு" என்றார் கடைசியில். "இங்கயே இருக்கட்டுங்க. அப்பப்ப வந்து பாத்துக்கறேன். வீட்ல ஓனர் ஆணி அடிக்க விடமாட்டாரு."

270 ரூபாயை எண்ணி மேஜையில் வைத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பணம் கட்டியதற்கு ரசீதில் கையெழுத்து வாங்கி, அதை மறுபடி பர்ஸுக்குள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார். பில் புத்தகத்தில் 'டெலிவரி' என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன தம்பி யோசனை?" என்றார் பெரியவர், ஊதுபத்திச் சாம்பலைத் தட்டியபடி. "வீடு சேர்ந்தாச்சுன்னு போடுங்க."